எள்ளளவு பிராணி ஏழு கடல் தாண்டியது எப்படி?

முதலில் ஒரு விடுகதை.

எட்டுக் கால் உண்டு. ஆனால் சிலந்தி இல்லை. பார்த்தால் மாட்டு உண்ணி மாதிரி இருக்கும். ஆனால் உண்ணியும் இல்லை. பறக்கச் சிறகு கிடையாது. நீந்தத் தெரியாது. பிறந்த மலையை விட்டு அடுத்த மலைக்குக் கூடப் போகாது. ஆனால் இதன் சொந்தக்காரர்கள் இலங்கை, மடகாஸ்கர், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி என்று ஆறு நாடுகளில் பரவி இருக்கிறார்கள். அது யார்?

தெரியவில்லையா? பரவாயில்லை. உயிரியல் படித்த பெரியவர்களில் பலருக்கே இதைத் தெரியாது. இதன் பெயர் 'பெட்டாலஸ்'. இலங்கைத் தீவில் மட்டுமே வாழும் ஒரு குட்டிப் பிராணி. பெயர் வாயில் நுழையவில்லை என்று பயந்து விடாதீர்கள். ஒவ்வொரு பெயராகப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் எளிதாகிவிடும்.

பூச்சியா, சிலந்தியா?

நம் தருமபுரிப் பக்கத்துப் பிள்ளைகள் ஊர்ந்து போவதை எல்லாம் 'பூச்சி' என்றுதான் சொல்வார்கள். அறிவியலில் அப்படிச் சொன்னால் மதிப்பெண் போய்விடும்! பூச்சி என்றால் ஆறு கால். எட்டுக் கால் இருந்தால் அது வேறு கூட்டம். சிலந்தி, தேள், உண்ணி எல்லாம் இந்த எட்டுக்கால் கூட்டத்தைச் சேர்ந்தவை. மழை பெய்து முடிந்ததும் புல் நடுவில் சிவப்பு வெல்வெட் துணி போல ஊர்ந்து வருமே பட்டுப்பூச்சி, அதற்கும் எட்டுக் கால்தான். எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கூட்டத்தில் இன்னொரு பிரிவு உண்டு. பாறை இடுக்கிலும், பாழடைந்த மண்டபத்திலும், ஈரமான கிணற்றுச் சுவரிலும் நூல் போன்ற நீளக் கால்களோடு கொத்துக் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கையை நீட்டினால் போதும், கூட்டமே குலுங்கி ஆடும். பார்ப்பவர்கள் சிலந்தி என்று நினைப்பார்கள். அது சிலந்தி இல்லை. ஐரோப்பாவில் அறுவடைக் காலத்தில் வயல்களில் அதிகம் தென்படுவதால் அதற்கு 'அறுவடைக்காரன்' என்று பொருள் தரும் பெயரை வைத்தார்கள்.

சிலந்திக்கும் அறுவடைக்காரனுக்கும் என்ன வித்தியாசம்? சிலந்தியின் உடல் இரண்டு பகுதி. நடுவில் இடுப்பு ஒடுங்கி இருக்கும். அறுவடைக்காரனுக்கு இடுப்பே கிடையாது. உடல் முழுவதும் ஒரே உருண்டை. சிலந்தி நூல் நூற்கும். அறுவடைக்காரனுக்கு நூல் இல்லை, ஆகவே வலையும் இல்லை. சிலந்திக்கு விஷம் உண்டு. அறுவடைக்காரனிடம் விஷச் சுரப்பி இல்லை. ஆபத்து வந்தால் நாற்றமடிக்கும் திரவத்தைக் கசியவிட்டுத் தப்பிக்கும். அவ்வளவுதான்.

உலகில் 6,000க்கும் மேற்பட்ட அறுவடைக்காரச் சிற்றினங்கள் உள்ளன. அவற்றில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் நெட்டைக்கால் வகைகள். ஆனால் குட்டைக்கால் வகை ஒன்றும் உண்டு. அவை ஒன்று முதல் ஏழு மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். கேழ்வரகு அளவில் சில, எள் அளவில் சில. கெட்டியான ஓடு, கட்டைக் கால்கள், மண் நிறம். காட்டில் மக்கிய சருகுக்கு அடியில் ஒளிந்து வாழும். பார்வைக்கு உண்ணி போலவே இருப்பதால் 'உண்ணி அறுவடைக்காரர்கள்' என்று சொல்கிறார்கள். நாம் செல்லமாகக் 'குட்டி அறுவடைக்காரர்' என்று வைத்துக்கொள்வோம். உண்ணி மாதிரி இவை ரத்தம் குடிப்பதில்லை. மனிதருக்கும் மாட்டுக்கும் எந்தத் தொல்லையும் தருவதில்லை.

முகவரி எழுதிப் பழகுவோம்!

நம் பெட்டாலஸ் இந்தக் குட்டி அறுவடைக்காரர்களில் ஒருவர். அவரை எந்த இடத்தில் வைப்பது? இங்கேதான் 'வகைப்பாடு' வருகிறது. வகைப்பாடு என்றதும் கொட்டாவி விடாதீர்கள். தபால் உறையில் முகவரி எழுதத் தெரிந்தவர்களுக்கு வகைப்பாடும் தெரியும்.

சித்தேரி மலையில் இருக்கும் உங்கள் மாமாவுக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். பெயர், சித்தேரி, அரூர் வட்டம், தருமபுரி மாவட்டம், தமிழ்நாடு, இந்தியா என்று எழுதுவீர்கள். சின்ன இடத்தில் தொடங்கிப் பெரிய இடத்தில் முடிக்கிறீர்கள். உயிரினங்களுக்கும் இதே மாதிரி முகவரி உண்டு. பெரியதில் இருந்து சிறியதற்கு வருவோம்.

தொகுதி: கணுக்காலிகள். நண்டு, பூச்சி, சிலந்தி எல்லாம் இதில் அடங்கும். இதுதான் நாடு.

வகுப்பு: அராக்னிடா. சிலந்தி, தேள் முதலிய எட்டுக்கால் கூட்டம். இது மாநிலம்.

வரிசை: ஒப்பிலியோனிஸ். அறுவடைக்காரர்கள் எல்லோரும். இது மாவட்டம். 'ஒப்பிலியோ' என்றால் லத்தீன் மொழியில் ஆட்டிடையன் என்று பொருள். முன்பெல்லாம் பிரான்சு நாட்டின் தென்மேற்கில், சேறும் புதருமான மேய்ச்சல் நிலத்தில், இடையர்கள் பொய்க்கால் கட்டிக்கொண்டு ஆடு மேய்த்தார்கள். நீளக் கால் பிராணிக்குப் பொருத்தமான பெயர்தான், இல்லையா?

துணை வரிசை: சைஃபோப்தால்மி. குட்டி அறுவடைக்காரர்கள். இது வட்டம்.

குடும்பம்: பெட்டாலிடே. இது ஊர்.

பேரினம்: பெட்டாலஸ். இது தெரு.

சிற்றினம்: அந்தத் தெருவில் உள்ள ஒவ்வொரு வீடும்.

முகவரியில் தெருவையும் வீட்டையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் கிடைப்பார். அதனால்தான் விஞ்ஞானிகள் எப்போதும் பேரினம், சிற்றினம் என்று இரட்டைப் பெயராகச் சொல்கிறார்கள்.

மூட்டைப்பூச்சி வடிவம்!

பெட்டாலஸ் தெருவில் முதன்முதலில் கதவு திறந்தது 1875ஆம் ஆண்டில். இங்கிலாந்தில் ஆக்டேவியஸ் பிக்கார்டு கேம்பிரிட்ஜ் என்று ஒரு பாதிரியார் இருந்தார். கிராமத்துத் தேவாலயத்தில் பணி. மற்ற நேரமெல்லாம் சிலந்தி ஆராய்ச்சி. உலகின் பல மூலைகளில் இருந்தும் அவருக்குச் சிலந்திகள் வந்து சேரும். இலங்கையில் கிடைத்த ஒரு விசித்திரப் பிராணியைப் பார்த்து அவர் 'சிமிசிஃபார்மிஸ்' என்று பெயர் வைத்தார். அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? 'மூட்டைப்பூச்சி வடிவம் கொண்டது!' தட்டையாக, முட்டை வடிவில் இருந்ததல்லவா, அதனால்.

ஆனால் அவர் அதை ஐரோப்பாவில் வாழும் வேறொரு பேரினத்தில் சேர்த்துவிட்டார். அடுத்த ஆண்டே, 1876இல், தோரெல் என்ற சுவீடன் நாட்டு விஞ்ஞானி, "இது ஐரோப்பிய வகை இல்லை, தனித் தெருவே போட வேண்டும்" என்று முடிவு செய்து பெட்டாலஸ் என்ற பேரினத்தை உருவாக்கினார். 1897இல் போக்காக் என்பவர் இன்னொரு சிற்றினத்துக்கு 'பிரெவிகாடா' என்று பெயரிட்டார். 'குட்டை வால்' என்று பொருள். அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தெருவில் புதிய வீடு எதுவும் கட்டப்படவில்லை.

2006ஆம் ஆண்டில் பிரசாந்த் சர்மா, கொன்சாலோ ஜிரிபெட் என்ற இரு விஞ்ஞானிகள் 'பெட்டாலஸ் லாம்பெடிடிஸ்' என்ற சிற்றினத்தை அறிவித்தார்கள். 2009இல் இவர்கள் இருவரும், இலங்கையைச் சேர்ந்த கருணாரத்ன என்ற ஆய்வாளரும் சேர்ந்து 'பெட்டாலஸ் த்வைட்டேசி' என்ற சிற்றினத்தை அறிவித்தார்கள்.

த்வைட்ஸ் யார்? கண்டிக்குப் பக்கத்தில் பேராதனை என்ற ஊரில் புகழ்பெற்ற தாவரவியல் பூங்கா இருக்கிறது. 1849 முதல் 1880 வரை அந்தப் பூங்காவைப் பொறுப்பேற்று நடத்தியவர் ஜார்ஜ் த்வைட்ஸ். செடிகள் மட்டுமல்லாமல் சிலந்தி வகைகளையும் சேகரித்து இங்கிலாந்துக்கு அனுப்பியவர். அவர் நினைவாகத்தான் அந்தப் பெயர். ஒருவர் அக்கறையோடு சேகரித்து வைத்தால், நூற்று முப்பது ஆண்டு கழித்தும் உலகம் அவரை நினைக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கண் எங்கே?

குட்டி அறுவடைக்காரர்களின் முதுகில் முன்பக்கம் இரண்டு குட்டிக் கூம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். முதன்முதலில் பார்த்தவர்கள் அவற்றைக் கண்கள் என்றே நினைத்தார்கள். அதனால்தான் 'சைஃபோப்தால்மி' என்று பெயர். 'திமில் மேல் கண்' என்பது போலப் பொருள். பின்னால்தான் உண்மை தெரிந்தது. அந்தக் கூம்புகள் கண்கள் இல்லை. நாற்றத் திரவம் வெளியே வரும் குழாய் வாய்கள்! மூக்கைப் பொத்த வைக்கும் உறுப்புக்குக் கண் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கதை இத்துடன் முடியவில்லை. பெட்டாலிடே குடும்பத்துக்குக் கண்ணே கிடையாது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2006இல் பெட்டாலஸை உற்றுப் பார்த்தபோது, அந்தக் கூம்பின் அடியிலேயே கண் வில்லை ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. 1876இல் பெயர் வைத்த பிராணிக்குக் கண் இருப்பதைக் கண்டுபிடிக்க 130 ஆண்டுகள் ஆயின! 'எல்லாம் கண்டுபிடித்தாகிவிட்டது, இனி நமக்கு என்ன வேலை' என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ஏழு கடல் தாண்டிய ரகசியம்

இப்போது விடுகதையின் கடினமான பகுதிக்கு வருவோம். பெட்டாலஸ் இலங்கையில் மட்டுமே இருக்கிறது. சரி. ஆனால் அதே பெட்டாலிடே குடும்பத்தைச் சேர்ந்த மற்றப் பேரினங்கள் எங்கே இருக்கின்றன? பெயர்களைக் கேளுங்கள். பெயரே ஊரைச் சொல்லிவிடும்.

தென்னாப்பிரிக்காவில் 'பர்செல்லியா'. அங்கே ஆராய்ச்சி செய்த பர்செல் என்ற விஞ்ஞானியின் பெயர். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் உள்ள குயின்ஸ்லாந்தில் 'ஆஸ்ட்ரோபர்செல்லியா'. ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் 'காரிபர்செல்லியா'. காரி என்பது அங்கே வானளாவ வளரும் ஒரு மரம். நியூசிலாந்தில் 'ராக்காயா', 'ஆவ்ராக்கி'. முன்னது ஆற்றின் பெயர். பின்னது அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரத்துக்கு மாவோரி மக்கள் வைத்த பெயர். தென் அமெரிக்காவில் 'சிலியோகோவியா'. சிலி நாடு பெயரிலேயே இருக்கிறது. மடகாஸ்கர் தீவில் 'மனங்கோட்ரியா'.

உலகப் படத்தை எடுத்து இந்த இடங்களில் எல்லாம் புள்ளி வையுங்கள். நடுவில் எவ்வளவு பெரிய கடல்கள்! எள்ளளவு பிராணி இத்தனை கடல்களையும் எப்படித் தாண்டியது?

கப்பலில் போயிருக்குமா? இல்லை. மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அது அங்கே இருந்தது. மிதந்து வரும் மரக்கட்டையில் ஏறிப் போயிருக்குமா? அப்படிப் போகத் தெரிந்த பிராணி ஹவாய் போன்ற எரிமலைத் தீவுகளுக்கும் போயிருக்க வேண்டும். நடுக்கடலில் எரிமலை கக்கிப் புதிதாக உண்டான ஹவாய்த் தீவுகளில் குட்டி அறுவடைக்காரர்கள் இல்லை. அவர்கள் இருப்பது பழைய கண்டங்களிலும், அவற்றில் இருந்து உடைந்து பிரிந்த தீவுகளிலும்தான்.

பதில் இதுதான்: அந்தப் பிராணி கடலைத் தாண்டவே இல்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. நிலம்தான் நகர்ந்தது!

கிழிந்த படத்தை ஒட்டுவோம்

சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, இலங்கை, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே நிலமாக இருந்தன. அந்தப் பெருநிலத்துக்குக் 'கோண்ட்வானா' என்று பெயர். நம் நாட்டுப் பெயர்தான்! மத்திய இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பெயர் அது. அங்கே கிடைத்த பழைய பாறைகளுக்கு முதலில் வைத்த பெயரை, 1885இல் எட்வர்டு சூயஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி அந்தப் பெருநிலத்துக்கே சூட்டினார். கண்டங்கள் நகர்கின்றன என்பதை 1912இல் ஆல்ஃபிரட் வேகனர் சொன்னபோது பலர் சிரித்தார்கள். இன்று அது பள்ளிப் பாடத்தில் இருக்கிறது.

கோண்ட்வானா ஒரே நாளில் உடையவில்லை. முதலில் ஆப்பிரிக்கா ஒரு பக்கம் விலகியது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா அண்டார்டிகாவையும் ஆஸ்திரேலியாவையும் விட்டுக் கழன்றது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மடகாஸ்கரை விட்டது. அதன் பிறகு வடக்கு நோக்கி ஒரே ஓட்டம்! கண்டங்களின் கணக்கில் ஓட்டம் என்றால் ஆண்டுக்கு ஒரு சாண் அளவுக்கும் குறைவு. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவோடு மோதியது. அந்த மோதலில் மடிந்து எழுந்ததுதான் இமயமலை. நம்மோடு ஒட்டிக்கொண்டே வந்த குட்டித் தங்கைதான் இலங்கை.

ஒரு குடும்பப் படத்தை ஆறு துண்டாகக் கிழித்து ஆறு ஊருக்கு அனுப்பினால், ஒவ்வொரு துண்டிலும் ஓர் அண்ணனோ தங்கையோ இருப்பார்கள் அல்லவா? அப்படித்தான் பெட்டாலிடே குடும்பமும். நிலம் உடைந்தபோது, அந்தந்தத் துண்டின் சருகுக்கு அடியில் இருந்தவை அந்தத் துண்டோடு போய்விட்டன. பிரிந்த பின் தனித்தனியாக மாறித் தனித்தனிப் பேரினங்கள் ஆயின. 2007ஆம் ஆண்டில் சாரா போயர், ஜிரிபெட் இருவரும் இந்தக் குடும்பத்தாரின் மரபணுவை ஒப்பிட்டு, இவர்கள் எல்லோரும் உண்மையிலேயே ஒரே குடும்பத்தினர்தான் என்று காட்டினார்கள்.

இவ்வளவு பழைய பிராணியா என்று சந்தேகமா? ஸ்காட்லாந்து நாட்டில் ரைனி என்ற ஊரில் சுமார் 40 கோடி ஆண்டுகள் பழமையான பாறையில் ஓர் அறுவடைக்காரனின் படிவம் கிடைத்தது. டைனோசர்கள் தோன்றியதே சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். டைனோசர் நம் அறுவடைக்காரனுக்குக் கொள்ளுப் பேரன் வயது!

பாறை சொல்லும் சாட்சியையும் கேளுங்கள். நம் தருமபுரி மாவட்டத்தில் சார்னோகைட் என்ற கருமை கலந்த கடினமான பாறை நிறைய உண்டு. இதே வகைப் பாறை இலங்கையின் மத்திய மலைகளிலும் உண்டு. பாறையும் பிராணியும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன.

நம் ஊரில் ஏன் இல்லை?

இங்கே ஒரு கெட்டிக்காரக் குழந்தை எழுந்து கேட்கும்: "ஐயா, இலங்கை நம்மோடுதானே ஒட்டியிருந்தது? அப்படியானால் பெட்டாலஸ் தமிழ்நாட்டிலும் இருக்க வேண்டுமே?"

அருமையான கேள்வி! இன்னொரு செய்தியும் சேர்த்துச் சொல்கிறேன். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனி யுகத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதை விடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். அது அப்போது வறண்ட தரையாக இருந்தது. இப்படிப்பட்ட காலங்களில்தான் யானையும் சிறுத்தையும் இலங்கைக்கு நடந்தே போயின. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் வரும் நம் காட்டு யானைகளுக்கு இலங்கை யானைகள் உறவுக்காரர்கள்தான்.

யானை நடந்த பாதையில் பெட்டாலஸ் ஏன் நடக்கவில்லை? அதற்கு வேண்டியது ஈரம். சருகுக்கு அடியில் எப்போதும் ஈரம் இருக்க வேண்டும். காய்ந்தால் உயிர் போய்விடும். இலங்கையின் வடக்குப் பகுதியும், எதிரே நம் ராமநாதபுரமும் வறண்ட பூமி. யானைக்கு அது இரண்டு நாள் நடை. எள்ளளவு பிராணிக்கு அது பாலைவனம். அதனால் பெட்டாலஸ் இலங்கையின் ஈரமான தென்மேற்கிலும் மத்திய மலைகளிலுமே தங்கிவிட்டது.

கோண்ட்வானாக் காலத்தில் இந்தியாவிலும் அதன் மூதாதைகள் இருந்திருக்க வேண்டும். பிறகு 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பொங்கி மகாராஷ்டிரம் உள்ளிட்ட பரந்த நிலத்தை மூடியது. தீபகற்பத்தின் பெரும்பகுதி வறண்டும் போனது. பழையவர்களில் பலர் தாக்குப்பிடிக்கவில்லை.

எல்லோரும் போய்விட்டார்களா என்றால், அதுவும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்கு அடியிலேயே வாழும் பன்றிமூக்குத் தவளையை 2003இல் எஸ்.டி. பிஜு, பிராங்கி போசுய்ட் என்ற விஞ்ஞானிகள் உலகுக்கு அறிவித்தார்கள். அதன் நெருங்கிய சொந்தம் எங்கே இருக்கிறது தெரியுமா? இந்தியப் பெருங்கடலில், செஷல்ஸ் தீவுகளில்! அதுவும் கோண்ட்வானாவின் நினைவுச் சின்னம்தான்.

மேகாலயாவில் ஒரு போலி அண்ணன்

இந்தியாவில் குட்டி அறுவடைக்காரரே கிடையாது என்று எழுதிவிடாதீர்கள். வடகிழக்கு மாநிலமான மேகாலயாவில் ஒன்று உண்டு. 2007இல் ஜிரிபெட், சர்மா, பஸ்தவடே ஆகிய மூவரும் அதற்கு 'மேகாலயா அன்னன்டேலி' என்று பெயரிட்டார்கள். பேரினத்துக்கு மாநிலத்தின் பெயர். சிற்றினத்துக்கு இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரான நெல்சன் அன்னன்டேலின் பெயர்.

பார்த்தால் பெட்டாலஸின் அண்ணன் போல இருக்கும். ஆனால் முகவரி வேறு! அது பெட்டாலிடே குடும்பம் இல்லை, 'ஸ்டைலோசெல்லிடே' குடும்பம். அதன் சொந்தக்காரர்கள் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா பக்கம். அதாவது, இலங்கைப் பெட்டாலஸின் உறவு தெற்கே; மேகாலயாக்காரரின் உறவு கிழக்கே. உருவத்தை மட்டும் பார்த்து இருவரையும் ஒரே வீட்டில் வைத்திருந்தால் இந்த வரலாறே தெரியாமல் போயிருக்கும். வகைப்பாடு என்பது பெயர்களை மனப்பாடம் செய்வதற்காக இல்லை, குழந்தைகளே. யார் யாருக்கு உறவு, யார் எங்கிருந்து வந்தார் என்று கண்டுபிடிப்பதற்காக.

சருகு என்ன பாவம் செய்தது?

இனிக் கொஞ்சம் கவலையான செய்தி.

ஒரு மலையில் பிறந்து அதே மலையில் மடியும் பிராணிக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. அந்தக் காடு போனால் ஓடித் தப்பிக்க வழியில்லை. யானையாவது அடுத்த காட்டுக்குப் போகும். இது எங்கே போகும்?

இலங்கையின் மலைகளில் 19ஆம் நூற்றாண்டில் முதலில் காப்பிக்காகக் காடுகளை அழித்தார்கள். 1869இல் காப்பி இலையில் துரு நோய் வந்தது. நோய் தாக்கிய இலைகளை ஆராய்ச்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்பியவர் நாம் முன்பே பார்த்த அதே த்வைட்ஸ்தான். காப்பி அழிந்ததும் தேயிலை வந்தது. அந்தத் தோட்டங்களில் உழைக்கப் போனவர்கள் யார்? திருச்சி, மதுரை, சேலம் மாவட்டங்களில் இருந்து பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பல் ஏறிய நம் ஏழை மக்கள். அந்நாளில் தருமபுரியும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1965இல்தான் தனி மாவட்டம் ஆனது. காட்டை அழிக்க முடிவு செய்தவர்கள் அவர்கள் இல்லை. அட்டைக் கடியிலும் குளிரிலும் பாடுபட்டவர்கள் மட்டுமே அவர்கள். தோட்டங்களுக்கு நடுவில் துண்டு துண்டாக மிஞ்சிய ஈரக்காடுகளில்தான் பெட்டாலஸ் போன்ற பிராணிகள் தப்பிப் பிழைத்தன. சிங்கராஜக் காடு 1988இலும், மத்திய மலைக்காடுகள் 2010இலும் உலகப் பாரம்பரிய இடங்களாக அறிவிக்கப்பட்டன. நல்ல செய்தி.

நம் ஊருக்கு வருவோம். சித்தேரி, வத்தல்மலை, பென்னாகரம் காடுகளில் கோடைக்காலம் வந்தால் தீ பிடிக்கிறது. சில நேரம் யாரோ போட்ட பீடித் துண்டு. சில நேரம் புது புல் முளைக்கட்டும் என்று வைத்த தீ. வீட்டிலும் பள்ளியிலும் கூட, கூட்டிய சருகைக் குவித்துக் கொளுத்துகிறோம். 'குப்பைதானே' என்கிறோம். சருகு குப்பை இல்லை. அது மழைத் தண்ணீரைப் பிடித்து மண்ணுக்குள் இறக்குகிறது. மக்கி எருவாகிறது. ஒரு கூடைச் சருகில் நாம் பெயர் கூட வைக்காத உயிர்கள் எத்தனையோ குடியிருக்கின்றன. பத்து நிமிடத் தீயில் அத்தனை வீடுகளும் சாம்பல்.

பல கோடி ஆண்டுகள் கண்டத்தோடு பயணம் செய்து, டைனோசர் அழிந்த போதும் அழியாமல் வந்த ஒரு குடும்பம், ஒரு தீக்குச்சியால் முடிந்து போவது நியாயமா? நீங்களே சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்!

1. உலகப் படத்தை மெல்லிய தாளில் நகல் எடுங்கள். தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, இலங்கை, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றைக் கத்தரித்து எடுங்கள். ஒட்டிப் பார்த்தால் கோண்ட்வானா கிடைக்கும். பெட்டாலிடே குடும்பம் வாழும் இடங்களில் சிவப்புப் புள்ளி வையுங்கள். புள்ளிகள் எல்லாம் எவ்வளவு பக்கத்தில் வந்துவிடுகின்றன என்று பாருங்கள்.

2. மழைக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியவர் ஒருவரோடு மாமரத்தடிக்கோ புளியமரத்தடிக்கோ போங்கள். ஒரு குச்சியால் சருகைக் கிளறி, ஒரு பிடியைச் சல்லடையில் போட்டு வெள்ளைத் தாளின் மேல் சலியுங்கள். வெறுங்கையைச் சருகுக்குள் விடக் கூடாது. தேளும் பூரானும் இருக்கும். தாளில் ஊர்பவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். கால்களை எண்ணுங்கள். ஆறா, எட்டா, அதற்கும் மேலா? இடுப்பு உண்டா, இல்லையா? குறிப்பேட்டில் படம் வரைந்து, தேதியும் இடமும் எழுதுங்கள். பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே மெதுவாக விட்டுவிடுங்கள்.

3. உங்கள் பள்ளியில் சருகைக் கொளுத்தாமல் ஒரு மூலையில் குழி வெட்டிப் போடலாமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஆறு மாதத்தில் செடிகளுக்கு நல்ல எரு கிடைக்கும்.

உங்கள் தாளில் பெட்டாலஸ் வராது. ஆனால் எட்டுக்கால் கூட்டத்தைச் சேர்ந்த வேறு யாராவது கட்டாயம் வருவார்கள். அவர்களுக்கும் ஒரு முகவரி இருக்கும், ஒரு பழைய கதை இருக்கும். நம் மலைகளின் சருகில் இன்னும் யாரும் தேடிப் பார்க்காத மூலைகள் ஏராளம். தேடுவதற்குக் கூர்மையான கண்ணும் பொறுமையும் இருந்தால் போதும். இரண்டும் உங்களிடம் உண்டு. சருகு மிச்சம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்!